பெயர் யாருக்குச் சொந்தம்?

ஆறு பேர் சேர்ந்து ஓர் இசைக் குழுவைத் தொடங்கினார்கள். அது 1969-ஆம் ஆண்டு. ஊர், லண்டன்.

அந்தக் குழு இன்னும் இருக்கிறது. புதுப் பாட்டுகளும் வந்தபடி இருக்கின்றன. ஆனால் அந்த ஆறு பேரில் இன்று குழுவில் இருப்பவர் ஒரே ஒருவர்!

மற்ற ஐவரும் எப்போதோ விலகிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வந்தார்கள். அவர்களும் போனார்கள். பிறகு வேறு சிலர் வந்தார்கள். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் மறுபடியும் போனார்கள்.

அப்படியானால் இது அதே குழுதானா? பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதுமா? அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளும் உரிமை யாருக்கு? கடைசிவரை இருந்தவருக்கா? உழைத்துவிட்டுப் போனவர்களுக்கும் அதில் பங்கு உண்டா?

இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. அந்தக் குழுவின் பெயர் ஹாக்விண்ட். அதன் கதை, பலர் கூடித் தொழில் செய்யும் எல்லோருக்கும் பயன்படும். அதனால் இந்த வாரம் அதை எடுத்துக்கொள்கிறோம்.

விண்வெளிப் பாட்டு

'ராக்' என்பது மேல்நாட்டில் இளைஞர்கள் விரும்பிக் கேட்கும் இசை. மின்சாரக் கிடார், அதிரும் டிரம், உரத்த பாட்டு ஆகியவை அதன் அடையாளம்.

'ஸ்பேஸ் ராக்' என்பது அதில் ஒரு கிளை. நாம் இதை விண்வெளிப் பாட்டு என்று சொல்லலாம்.

இந்தப் பாட்டில் ஒரே தாளம் நெடுநேரம் விடாமல் ஓடும். ரெயிலில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சக்கரத்தின் ஓசை கேட்டுக்கொண்டே இருப்பது போல அது கேட்கும். அதன் மேலே கருவிகளிலிருந்து 'ஊய்' என்றும் 'ஸ்ஸ்' என்றும் விசித்திரமான ஒலிகள் எழும்பும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ராக்கெட்டில் ஏறி எங்கோ போவது போல இருக்கும்.

இந்தப் பாட்டு பிறந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1969 ஜூலை 20-ந் தேதி மனிதன் சந்திரனில் இறங்கினான். அடுத்த மாதமே இந்தக் குழு மேடை ஏறியது. உலகமே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அழைக்காமல் போன விருந்து

குழுவுக்கு வித்திட்டவர் டேவ் பிராக். கிடார் வாசிப்பவர். தெரு ஓரத்தில் நின்று பாடி, போகிறவர்கள் போடும் காசைப் பெற்றுப் பிழைத்தவர்.

அவரோடு கிடார் வாசிக்க மிக் ஸ்லாட்டரி என்பவர் சேர்ந்தார். ஜான் ஹாரிசன் பாஸ் கிடார் வாசித்தார். டெரி ஆலிஸ் டிரம் அடித்தார்.

நிக் டர்னரும் டிக்மிக் என்பவரும் வாசிக்க வந்தவர்கள் அல்ல. டர்னரிடம் ஒரு வேன் இருந்தது. சாமான்களை ஏற்றி இறக்க உதவி செய்வதாகத்தான் இருவரும் வந்தார்கள்.

வந்த இடத்தில் டர்னர் சாக்ஸபோனை எடுத்து ஊதினார். டிக்மிக் 'ஆடியோ ஜெனரேட்டர்' என்ற கருவியைத் திருகினார். அது வாத்தியம் அல்ல. ஒலியைச் சோதிப்பதற்காகச் சோதனைச்சாலையில் வைத்திருக்கும் கருவி. அதன் ஓசைதான் பின்னால் குழுவின் முத்திரை ஆயிற்று!

1969 ஆகஸ்டு 29-ந் தேதி லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் உள்ள ஒரு மண்டபத்தில் கச்சேரி நடந்தது. இவர்களை யாரும் அழைக்கவில்லை. இவர்களாகப் போய் இடம் கேட்டு மேடை ஏறினார்கள். குழுவுக்குப் பெயர்கூட இல்லை. 'குரூப் எக்ஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள்.

அன்று அங்கே வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் இருந்தார். புதிய பாடகர்களைக் கண்டுபிடிப்பதில் பெயர் பெற்றவர் அவர். இவர்களைக் கவனியுங்கள் என்று ஏற்பாட்டாளரிடம் அவர் சொன்னார். குழுவுக்கு வழி பிறந்தது.

சில நாள் 'ஹாக்விண்ட் ஜூ' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு 'ஜூ' போயிற்று, ஹாக்விண்ட் நின்றது.

அந்தப் பெயருக்கு ஒரு வேடிக்கையான காரணம் சொல்லுகிறார்கள். டர்னருக்கு அடிக்கடி தொண்டையைக் காறும் பழக்கம் உண்டாம். அதை வைத்து நண்பர்கள் அவருக்குச் சூட்டிய கேலிப் பெயரே குழுவின் பெயராயிற்றாம். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் வழக்குக்கு இது தேவைப்படும்.

வேலிக்கு வெளியே

1970-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதற்கும் 'ஹாக்விண்ட்' என்றே பெயர். அதற்குள்ளேயே ஸ்லாட்டரி விலகிவிட்டார். ஹியூ லாயிட் லாங்டன் என்ற இளைஞர் அவர் இடத்துக்கு வந்தார். முதல் தட்டு வருவதற்கு முன்பே முதல் ஆள் மாற்றம்!

அதே ஆண்டு வைட் தீவில் மாபெரும் இசை விழா நடந்தது. நுழைவுச் சீட்டு வாங்கியவர்களுக்குத்தான் வேலிக்கு உள்ளே இடம். ஹாக்விண்ட் குழுவினர் வேலிக்கு வெளியே நின்றார்கள். காசு இல்லாமல் வெளியே இருந்தவர்களுக்கு இலவசமாக வாசித்தார்கள்.

இதனால் கைக்கு எதுவும் வரவில்லை. ஆனால் பெயர் வந்தது. 'இவர்கள் நம் ஆட்கள்' என்று ஏழை இளைஞர்கள் நினைத்தார்கள். அந்த அன்பே பல ஆண்டு குழுவைத் தாங்கியது.

அந்த விழாவுக்கு இன்னொரு முகமும் உண்டு. அந்த நாட்களில் அந்த வட்டாரத்தில் போதை மருந்து தாராளமாகப் புழங்கியது. லாயிட் லாங்டன் அங்கே போதை மருந்தை உட்கொண்டு மனநலம் குலைந்தார். குழுவை விட்டு விலகினார். அவர் திரும்பி வர எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. போதை கற்பனையைத் தூண்டும் என்று பேசுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அது தூண்டியதைவிடப் பறித்ததே அதிகம்.

1971-ல் 'இன் சர்ச் ஆஃப் ஸ்பேஸ்' என்ற இரண்டாவது தட்டு வந்தது. 'விண்வெளியைத் தேடி' என்று பொருள். அதன் உறையை வரைந்தவர் பார்னி பபுள்ஸ் என்ற ஓவியர். உறைக்குள் ஒரு சிறு புத்தகமும் இருந்தது. விண்கப்பல் மாலுமியின் நாட்குறிப்பு போல அதை எழுதியிருந்தார்கள். அதில் பங்கு கொண்டவர் ராபர்ட் கால்வெர்ட் என்ற கவிஞர்.

வெள்ளி இயந்திரம்

கால்வெர்ட் தென் ஆப்பிரிக்காவில் பிறந்தவர். விமானம் ஓட்ட வேண்டும் என்று சிறு வயதில் ஆசைப்பட்டவர். அவர் எழுதிய ஒரு பாட்டு குழுவின் தலையெழுத்தையே மாற்றியது. அதன் பெயர் 'சில்வர் மெஷின்'. அதாவது, வெள்ளி இயந்திரம்.

கேட்டவர்கள் எல்லோரும் அது விண்கப்பலைப் பற்றிய பாட்டு என்று நினைத்தார்கள். கால்வெர்ட் சிரித்தார். அது தம்மிடம் இருந்த வெள்ளி நிறச் சைக்கிளைப் பற்றியது என்றார்!

அந்தப் பாட்டு எப்படி உருவாயிற்று என்று பார்ப்போம்.

சொற்கள் கால்வெர்ட்டுடையவை. மெட்டு பிராக்குடையது. 1972 பிப்ரவரி 13-ந் தேதி லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் அதை வாசித்து ஒலிப்பதிவு செய்தார்கள். அன்று பாடியவர் கால்வெர்ட். ஆனால் அவர் குரல் சரியாக அமையவில்லை.

இசையை அப்படியே வைத்துக்கொண்டு, குரலை மட்டும் மறுபடியும் பதிவு செய்வது என்று தீர்மானித்தார்கள். அந்தக் குரலைக் கொடுத்தவர் லெம்மி. கரடுமுரடான குரல். அவர் 1971-ல்தான் பாஸ் கிடார் வாசிக்கச் சேர்ந்திருந்தார். டிரம் அடித்த சைமன் கிங் அதற்கும் பிறகு வந்தவர்.

தட்டு வெளிவந்தது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 3-வது இடத்தைப் பிடித்தது.

இப்போது சொல்லுங்கள். இந்த வெற்றி யாருடையது? சொல் ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, குரல் ஒருவருடையது. ஊதியவர் ஒருவர், தட்டியவர் ஒருவர். இவர்களில் ஒருவரை நீக்கினாலும் அந்தப் பாட்டு இல்லை!

வந்த பணத்தை என்ன செய்தார்கள்?

வெற்றி வந்ததும் வீடும் காரும் வாங்குவது உலக வழக்கம். இவர்கள் அந்தப் பணத்தை மேடையில் போட்டார்கள்.

'ஸ்பேஸ் ரிச்சுவல்' என்று ஒரு பெரிய நிகழ்ச்சியைத் தயாரித்தார்கள். விண்கப்பலில் போகிறவர்கள் காணும் கனவுதான் கதை. பல வண்ண விளக்குகள் சுழன்றன. ஸ்டேசியா என்ற பெண் நடனம் ஆடினார். கால்வெர்ட் கவிதை சொன்னார். மேடைச் சாமான்களின் அமைப்பையும் வண்ணத்தையும் பார்னி பபுள்ஸ் திட்டமிட்டார்.

1972 டிசம்பரில் லிவர்பூலிலும் லண்டனிலும் நடந்த கச்சேரிகளைப் பதிவு செய்தார்கள். அது 1973-ல் இரட்டை இசைத்தட்டாக வந்தது. விற்பனையில் 9-வது இடம். இந்தக் குழுவின் தட்டுகளில் இதுவே தலைசிறந்தது என்று சொல்லுகிறவர்கள் பலர்.

இடையே 1972-ல் 'டோரேமி ஃபாசோல் லாடிடோ' என்று ஒரு தட்டு வந்தது. இது ஏதோ மந்திரம் அல்ல. நமக்கு ச ரி க ம ப த நி எப்படியோ, மேல்நாட்டாருக்கு டோ ரே மி அப்படி. அதையே தட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

1973-ல் 'அர்பன் கெரில்லா' என்ற பாட்டை வெளியிட்டார்கள். நகரத்துக்குள் ஒளிந்து போரிடுபவனைப் பற்றிய பாட்டு அது. அந்த நேரம் பார்த்து லண்டனில் உண்மையாகவே குண்டுகள் வெடித்தன. பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பெரிய வெற்றிக்குப் பிறகு வந்த பெரிய சறுக்கல் அது.

1974-ல் 'ஹால் ஆஃப் தி மவுண்டன் கிரில்' வந்தது. லண்டன் போர்ட்டபெல்லோ தெருவில் இவர்கள் சாப்பிடும் சிறிய ஓட்டலின் பெயர்தான் மவுண்டன் கிரில்! சோறு போட்ட கடையை மறக்காதவர்கள் என்று சொல்லலாம். வயலினும் கருவிப் பலகையும் வாசிக்கும் சைமன் ஹவுஸ் இதில் சேர்ந்தார். டிக்மிக் இதற்கு முன்பே போய்விட்டார்.

எல்லையில் நடந்தது

1975-ல் 'வாரியர் ஆன் தி எட்ஜ் ஆஃப் டைம்' வெளிவந்தது. 'காலத்தின் விளிம்பில் ஒரு வீரன்' என்று பொருள். மாயக் கதைகள் எழுதும் மைக்கேல் மூர்காக் என்ற ஆசிரியர் இதில் பங்கு கொண்டார். டிரம் அடிக்க இரண்டு பேர்! தட்டு 13-வது இடத்தைப் பிடித்தது.

அந்த நேரத்தில் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. அங்கிருந்து கனடாவுக்குள் போகும்போது, எல்லையில் லெம்மியைப் போலீசார் பிடித்தார்கள். அவரிடம் போதைப் பொருள் இருந்தது. அதை வேறு ஒரு பொருள் என்று தவறாகக் குறித்து வழக்குப் போட்டதால், வழக்கு நிற்கவில்லை. அவர் விடுதலை ஆனார். டொராண்டோ நகருக்கு வந்து கச்சேரியில் வாசித்தார்.

கச்சேரி முடிந்ததும், 'நீ இனி வேண்டாம்' என்று குழுவினர் சொல்லிவிட்டார்கள்.

அவர் செய்தது குற்றம். அதில் சந்தேகம் இல்லை. ஒருவர் சிறையில் இருந்தால் எல்லோருடைய பிழைப்பும் கெடும். குழுவினர் கோபம் கொண்டது நியாயம்தான். ஆனால் அந்த வட்டாரத்தில் லெம்மி ஒருவர் மட்டும்தான் அந்தப் பழக்கம் உள்ளவர் என்று யாரும் சொல்ல முடியாது. வெளிநாட்டில், நடுவழியில், ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தத்தை லெம்மி பின்னாளில் மறைக்கவில்லை.

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. ஊருக்குத் திரும்பினார். ஹாக்விண்ட் குழுவுக்காகத் தாம் கடைசியாக எழுதிய பாட்டின் பெயரை எடுத்துக்கொண்டார். 'மோட்டர்ஹெட்' என்று புதுக் குழு தொடங்கினார். 2015 டிசம்பரில் அவர் இறக்கும் வரை, 40 ஆண்டு அந்தக் குழு நடந்தது. உலகம் எங்கும் ஹாக்விண்டைவிட அதிகமாகப் பெயர் பெற்றது!

பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாமல், புதுப் பெயரைத் தம் உழைப்பால் உயர்த்தினார் லெம்மி. இது ஒரு வழி.

வேறு பெயரில் ஓர் ஆண்டு

அடுத்த ஆண்டே டர்னரும் வெளியேற்றப்பட்டார். மற்றவர்கள் பாடும்போதும் வாசிக்கும்போதும் குறுக்கே சாக்ஸபோன் ஊதுகிறார் என்பது அவர் மேல் சொல்லப்பட்ட குறை. வேனோடு வந்து குழுவைத் தூக்கி நிறுத்தியவர் அவர். குழுவின் பெயருக்கே அவர்தான் காரணம் என்ற கதையையும் முன்பே பார்த்தோம். அவரே வெளியே நின்றார்!

1977-ல் 'குவார்க், ஸ்டிரேஞ்ச்னஸ் அண்டு சார்ம்' வந்தது. இந்த மூன்றும் அணுவுக்குள் இருக்கும் மிகச் சிறிய துகள்களைப் பற்றி விஞ்ஞானிகள் வழங்கும் பெயர்கள். கால்வெர்ட்டின் நகைச்சுவை இந்தத் தட்டில் நன்றாகத் தெரியும்.

1978-ல் அமெரிக்கப் பயணம் முடிந்ததும் குழு கலைந்தது. பிராக்கும் கால்வெர்ட்டும் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு 'ஹாக்லார்ட்ஸ்' என்ற வேறு பெயரில் ஒரு தட்டு வெளியிட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் கால்வெர்ட் விலகினார். 1979-ல் பழைய பெயர் திரும்பி வந்தது. லாயிட் லாங்டனும் உடல் தேறித் திரும்பி வந்தார்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. பெயர் இல்லாமலும் பிராக்கால் பாட முடிந்தது. ஆனாலும் அந்தப் பெயரை அவரால் விட முடியவில்லை. ஜனங்கள் காதில் பதிந்திருந்தது அந்தப் பெயர்தான்.

வந்தவரும் போனவரும்

1980-ல் 'லெவிடேஷன்' தட்டில் டிரம் அடித்தவர் ஜிஞ்சர் பேக்கர். 'கிரீம்' என்ற புகழ் பெற்ற குழுவில் இருந்தவர். இவரைப் போன்ற பெரியவர் இங்கே வருவாரா என்று ரசிகர்கள் வியந்தார்கள். வந்தார், அடுத்த ஆண்டே போய்விட்டார்.

1982-ல் டர்னர் திரும்பி வந்தார். இரண்டு ஆண்டு இருந்தார். மறுபடியும் பிரிவு.

1985-ல் 'தி குரோனிக்கிள் ஆஃப் தி பிளாக் சுவார்டு' வந்தது. மூர்காக் எழுதிய எல்ரிக் என்ற அரசனின் கதையைப் பாட்டாக அமைத்தார்கள். கறுப்பு வாளைக் கையில் எடுத்த அந்த அரசன், கடைசியில் அந்த வாளுக்கே அடிமை ஆகிறான். சிறு பிள்ளைகளுக்கும் புரியும் கதை.

1988 ஆகஸ்டில் கால்வெர்ட் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 43 தான். வெள்ளிச் சைக்கிளை விண்ணில் ஓட்டிய கவிஞர் அவர். குழுவில் அவர் இருந்த ஆண்டுகள் கொஞ்சம், விட்டுப்போனது அதிகம்.

அதே ஆண்டு ரிச்சர்டு சாட்விக் டிரம் அடிக்க வந்தார். வருகிறவர்கள் எல்லோரும் போய்க்கொண்டே இருந்த குழுவில், இவர் மட்டும் நிலைத்தார். பிராக்குக்கு அடுத்தபடி நெடுங்காலம் நின்றவர் இவர்தான்.

1992-ல் குழு மூன்று பேராகச் சுருங்கியது. பிராக், சாட்விக், பாஸ் கிடார் வாசித்த ஆலன் டேவி. அந்த மூவருமே 'எலெக்ட்ரிக் டீப்பீ' என்ற நீண்ட தட்டைத் தயாரித்தார்கள். ஆள் குறைந்தால் ஓசை குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

நீதிமன்றம் வரை

2000 அக்டோபர் 21-ந் தேதி ஓர் அரிய காட்சி. லண்டன் பிரிக்ஸ்டன் அரங்கில் பழைய ஆட்களும் புதிய ஆட்களுமாகச் சுமார் 20 பேர் ஒரே மேடையில் ஏறினார்கள். கல்யாண வீட்டில் பிரிந்த உறவுகள் எல்லாம் ஒன்று சேர்ந்தது போல இருந்தது.

கல்யாண வீட்டில் நடப்பது போலவே, முடிந்த பிறகு மனத்தாங்கலும் வந்தது.

டர்னரும் வேறு சில பழைய ஆட்களும் தனியாக ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெயரில் 'ஹாக்விண்ட்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். பிராக் ஒப்பவில்லை. வழக்கு நடந்தது. பெயர் பிராக் பக்கமே நின்றது. டர்னர் குழுவினர் 'ஸ்பேஸ் ரிச்சுவல்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

தம்மை வைத்துப் பிறந்த பெயரைத் தாமே சொல்லக் கூடாது என்று ஆயிற்று. டர்னருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்!

நம் கருத்து

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்?

தீர்ப்பு சரி என்பதே நம் கருத்து. காரணம் சொல்லுகிறோம்.

பெயர் என்பது மேடையில் இருப்பவர்களுக்காக மட்டும் இருப்பது அல்ல. காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறவனுக்காகவும் இருப்பது. இன்ன பெயரில் இன்ன கச்சேரி என்று நம்பித்தான் அவன் வருகிறான். ஒரே பெயரில் இரண்டு குழு ஊர் ஊராகப் போனால், ஏமாறுகிறவன் அவன்தான். ஆகவே பெயர் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

அந்த ஓர் இடம் எது? சுமையை இறக்கி வைக்காமல் சுமந்தவனுடைய தோள். எல்லோரும் போன பிறகும் பிராக் இருந்தார். ஆள் இல்லாதபோது ஆள் தேடினார். ஒரு கம்பெனி கைவிட்டால் வேறு கம்பெனிக்குப் போனார். 30-க்கும் மேற்பட்ட தட்டுகளில் அவர் இல்லாத தட்டு ஒன்றுகூட இல்லை. அந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை.

பெயர் ஒருவருக்குச் சொந்தமாகலாம். அந்தப் பெயருக்கு வந்த பெருமை ஒருவருக்குச் சொந்தமாகாது. டர்னரின் வேன், டிக்மிக்கின் சோதனைக் கருவி, கால்வெர்ட்டின் சொல், லெம்மியின் குரல், பார்னி பபுள்ஸின் தூரிகை, ஸ்டேசியாவின் ஆட்டம் ஆகிய இவை எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பெயருக்கு விலை ஏற்றின. சட்டம் பெயரைக் கொடுக்கும், கடனைத் தீர்க்காது.

அந்தக் கடனைத் தீர்க்க வழி ஒன்றுதான். யார் யார் என்ன செய்தார்கள் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். சேர வேண்டிய பணத்தைச் சேர்க்க வேண்டும். மனம் கசந்து பிரிந்தவரானாலும், அவர் செய்த வேலையை 'அவர் செய்தது' என்று சொல்ல வேண்டும். இசைத்தட்டு உறையில் ஆட்களின் பெயரை அச்சிடும் வழக்கம் இதற்காகத்தான் நல்லது. ஹாக்விண்டின் கதையை இன்று நாம் சொல்ல முடிவதும் அதனால்தான்.

அனுப்பும் முறையிலும் ஒரு நியாயம் வேண்டும். தவறு செய்தவரை அனுப்பலாம். ஆனால் கூப்பிட்டுப் பேசி, கணக்கை முடித்து, கைகொடுத்து அனுப்பலாம். நடுவழியில் இறக்கிவிடுவது முறை அல்ல. வெளியே போனவர் உயர்ந்துவிட்டால், அனுப்பியவருக்கே அது தலைகுனிவு. லெம்மி விஷயத்தில் நடந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1969-ல் அந்த ஆறு பேரும் உட்கார்ந்து, 'நாளை நாம் பிரிந்தால் பெயர் யாருக்கு?' என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தால், 30 ஆண்டு கழித்து வக்கீலுக்குப் பணம் கொடுத்திருக்க வேண்டாம். நட்பாக இருக்கும்போது இதைப் பேசுவது கூச்சமாக இருக்கும். ஆனால் நட்பு இருக்கும்போதுதான் இதைப் பேச முடியும். சண்டை வந்த பிறகு பேச முடியாது.

கூட்டாகக் கடை வைப்பவர்களும், நாடகக் குழு நடத்துபவர்களும், அண்ணன் தம்பியாகத் தொழில் செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முதல் நாளே எழுதி வையுங்கள். அது அவநம்பிக்கை அல்ல. பிற்காலத்துக்குப் போடும் வேலி.

எதைக் கேட்பது?

இவ்வளவு தட்டுகளில் எதை முதலில் கேட்பது என்று வாசகர்கள் கேட்கலாம்.

முதலில் 'சில்வர் மெஷின்' கேளுங்கள். சில நிமிஷம்தான். பிடித்திருந்தால் 'ஸ்பேஸ் ரிச்சுவல்' கேளுங்கள். ஓசை அதிகம், வீட்டில் பெரியவர்கள் தூங்கும் நேரம் வேண்டாம். மெல்லிசை விரும்புகிறவர்கள் 'ஹால் ஆஃப் தி மவுண்டன் கிரில்' தட்டிலிருந்து தொடங்கலாம். சைமன் ஹவுஸின் வயலின் அதில் இனிமையாக இருக்கும்.

கதை விரும்புகிறவர்களுக்கு 2016-ல் வந்த 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' இருக்கிறது. இ. எம். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1909-ல் எழுதிய கதையை வைத்து அமைத்தது. மனிதர்கள் பூமிக்கு அடியில் தனித்தனி அறையில் வாழ்கிறார்கள். சோறு, பேச்சு, படிப்பு எல்லாம் இயந்திரத்தின் மூலமே நடக்கிறது. ஒருநாள் இயந்திரம் நின்றுவிடுகிறது. பிறகு என்ன ஆகும்? கையில் எந்நேரமும் போனோடு இருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவசியம் பேச வேண்டிய கதை.

82 வயதில் மேடை

லாயிட் லாங்டன் 2012-ல் காலமானார். லெம்மி 2015-ல் போனார். டிக்மிக் 2017-ல். டர்னர் 2022 நவம்பரில் கண்ணை மூடினார். வழக்காடியவர்களில் ஒருவர் இல்லை. இனிமேல் அவரோடு சமாதானம் பேசவும் வழி இல்லை.

2023 செப்டம்பர் 29-ந் தேதி, லண்டனின் புகழ் பெற்ற ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ஹாக்விண்ட் கச்சேரி நடந்தது. ஒரு காலத்தில் வேலிக்கு வெளியே நின்று வாசித்த குழுவுக்கு, நாட்டின் பெரிய மண்டபம் கதவைத் திறந்தது. டேவ் பிராக்குக்கு அப்போது வயது 82. அவர் கிடாருடன் நின்றார். சாட்விக் டிரம் அடித்தார். மற்றவர்கள் எல்லாம் பிற்காலத்தில் வந்தவர்கள்.

அதன் பிறகும் 2024-லும் 2025-லும் புதுத் தட்டுகள் வந்தன.

அந்த மண்டபத்தில் இருந்தவர் ஒருவர்தான்; ஆனால் ஒலித்த இசையில் ஆறு பேரும் இருந்தார்கள். பெயரைக் காப்பாற்றியவரை நாம் பாராட்டுகிறோம். அந்தப் பெயருக்குப் பொருள் கொடுத்துவிட்டுப் போனவர்களையும் அதே மூச்சில் பாராட்டுகிறோம். ஒருவரைப் பாராட்டும்போது மற்றவரை மறப்பதுதான், கூட்டுத் தொழிலில் எல்லாச் சண்டைகளுக்கும் வேர். அந்த வேரை அறுக்க நீதிமன்றம் வேண்டாம்; நன்றி உணர்ச்சி போதும்.